தல்வாரில் எழுதிய கை

பலாய் சந்த் தத் என்னும் பெயரைக் கேட்டதும் நினைவுக்குக் கொண்டுவருவோர் நம்மில் மிகச் சிலரே. அவர் தளபதியல்லர்; பதக்கம் அணிந்த வீரருமல்லர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941இல், ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த வங்காள இளைஞர். கம்பியில்லாத் தந்திப் பணியாளர். இன்று அவர் நம்மிடையே இல்லை. அவர் வாழ்ந்த காலத்தையாவது நாம் அறிந்துகொள்வது கடமை.

போர் முடிந்தபின் அவர் பம்பாய், கொலாபாவிலிருந்த 'தல்வார்' நிலையத்தில் பணியாற்றினார். பெயரைக் கண்டு கப்பலென எண்ணிவிடலாகாது. அது கரையிலமைந்த செய்தித்தொடர்புப் பயிற்சிக் கூடம். 1945 டிசம்பர் 1, கடற்படை நாள். பொதுமக்கள் பார்க்க வரவிருந்த வேளையில், அணிவகுப்புத் திடலிலும் சுவர்களிலும் வெள்ளையனே வெளியேறு என்னும் முழக்கங்கள் காணப்பட்டன. இரவோடிரவாக அவற்றைத் தீட்டியவர்கள் தத்தும் அவர்தம் தோழர்களுமே. 1946 பிப்ரவரித் தொடக்கத்தில், தலைமைத் தளபதி வருகை தரவிருந்த நேரத்தில், மீண்டும் அவ்வேலையில் ஈடுபட்டு அவர் பிடிபட்டார்.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. உண்ணத் தகாத உணவும், வெள்ளை அதிகாரியின் இழிசொற்களும் பொறுமையின் எல்லையைக் கடக்கச் செய்ய, பிப்ரவரி 18ஆம் நாள் தல்வார் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். மறுநாளே அது கப்பல்தோறும் பரவிற்று. எழுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள். ஏறத்தாழ 20,000 மாலுமிகள். கராச்சியில் 'ஹிந்துஸ்தான்' கப்பல் பீரங்கியால் பதில் சொன்னது. போராட்டக் குழுவின் தலைவர் எம். எஸ். கான்; துணைத் தலைவர் மதன் சிங். ஒருவர் முஸ்லிம், மற்றவர் சீக்கியர், சுவரில் எழுதியவர் வங்காள இந்து. பாய்மரக் கம்பங்களில் காங்கிரஸ் கொடியும், முஸ்லிம் லீகின் பிறைக்கொடியும், செங்கொடியும் அருகருகே பறந்தன. பதினெட்டே மாதங்களில் தேசம் இரண்டாகப் பிளவுபடப்போகிறது என்பதை மனத்திற்கொண்டு இக்காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்!

பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு பற்றிய அறிவிப்பு பிப்ரவரி 19இல் வெளியானதைக் காட்டி, மாலுமிகளே அதனை வரவழைத்தனர் என்போர் உளர். அம்முடிவு முன்னரே எடுக்கப்பட்டதாகலின் அக்கூற்று மிகையே. ஆயினும் இந்தியப் படைகளை நம்பி இனி ஆளவியலாது என்னும் அச்சத்தை அவர்கள் வலுப்படுத்தினர் என்பதில் ஐயமில்லை.

தலைவர்கள் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. பட்டேல் சரணடையச் சொன்னார். ஜின்னாஹ்வும் முஸ்லிம் மாலுமிகளைத் தனியே விளித்துப் போராட்டத்தைக் கைவிடச் சொன்னார். மூன்று கொடிகளை ஒன்றாய் ஏற்றியவர்களிடம் அவரவர் சமூகத்துக்குத் தனித்தனி அறிவுரை! பிப்ரவரி 23 காலையில் கறுப்புக்கொடி ஏறிற்று. பிரிட்டனிடமன்று, இந்தியாவிடமே சரணடைகிறோம் என்றனர் மாலுமிகள். அந்நாட்களில் அவர்களுக்காகப் பம்பாய்த் தெருக்களில் இறங்கிய பொதுமக்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர்.

நானூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் வேலையிழந்தனர். சுதந்திரம் வந்தபின் இந்தியக் கடற்படையும் அவர்களை ஏற்கவில்லை; பாகிஸ்தான் கடற்படையும் ஏற்கவில்லை. தத் பத்திரிகையாளரானார், பின்னர் விளம்பரத் துறைக்குச் சென்றார். 1971இல்தான் தம் அனுபவங்களை ஆங்கில நூலாக வெளியிட்டார்.

பிற்காலத்தில் இந்தியக் கடற்படை தன் இழுவைக் கப்பல்கள் இரண்டுக்கு மதன் சிங், பி. சி. தத் என்று பெயர் சூட்டிற்று. பெரும் போர்க்கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்துவரும் சிறு கலங்கள் அவை.