பாட இருந்தவன்: பிரெஞ்சு, இத்தாலிய நிபந்தனை வினைகள்

செவ்விலத்தீனில் நிபந்தனைக்கென்று தனி வினைவடிவம் கிடையாது. பிரெஞ்சின் 'கோந்திசியொனெல்', இத்தாலியத்தின் 'கொந்தித்ஸியொனாலே' இரண்டும் பேச்சு இலத்தீனில் பிறந்தவை. ஆனால், அவற்றுக்கு முன்னோடி எதிர்காலம்.

'கன்தாபித்' என்றால் பாடுவான், 'கன்தாவித்' என்றால் பாடினான். பகரம் வகரமாகத் தேய்ந்ததும் இரண்டும் காதுக்கு ஒன்றாகிவிட்டன. பழைய எதிர்காலம் வழக்கொழிய இதுவும் ஒரு காரணம். அதன் இடத்துக்கு 'கன்தாரே' (பாட), 'ஹபேயோ' (உடையேன்) என்ற இரண்டும் சேர்ந்த தொடர் வந்தது. ஏறக்குறைய நம் 'பாட இருக்கிறேன்'. அதுவே பிரெஞ்சில் 'ஷான்த்ரே', இத்தாலியத்தில் 'கான்தெரோ'.

அதே தொடரை 'பாட இருந்தேன்' என்று பின்னுக்குத் தள்ளியபோதுதான் பாதை பிரிந்தது. பிரெஞ்சு, தொடர் இறந்தகாலமான 'ஹபேபம்' வடிவத்தை எடுத்துக்கொண்டது. இத்தாலியம், முற்றுப்பெற்ற இறந்தகாலமான 'ஹபுயி' வடிவத்தை. அதனால் பிரெஞ்சில் தையல் இன்னும் தெரிகிறது: எதிர்கால அடியோடு தொடர் இறந்தகால விகுதியை ஒட்டினால் 'ஷான்த்ரெ' தயார். கற்பவருக்குப் புதிய மனப்பாடம் இல்லை. இத்தாலியத்தின் 'கான்தெரெய்' வரிசையையோ தனியாகப் படித்தாக வேண்டும். பிரெஞ்சு வடிவம் 880 அளவில் எழுந்த புனித யூலாலி பாடலிலேயே வந்துவிடுகிறது.

பயன்பாட்டிலும் வேறுபாடு உண்டு. 'வருவதாகச் சொன்னான்' என்பதற்குப் பிரெஞ்சுக்காரருக்கு 'வியாந்த்ரெ' என்ற ஒற்றைச் சொல் போதும். இன்றைய இத்தாலியருக்கு 'சரேப்பே வெனூத்தோ' என்ற கூட்டு வினை தேவை. செய்தித்தாள்களில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். உறுதியாகாத செய்தியை இந்த வடிவத்தில் எழுதிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கலாம். 'அமைச்சர் விலகுகிறாராம்' என்பதில் நம் 'ஆம்' செய்யும் வேலைதான் அது.

பெயர்தான் பொருந்தவில்லை. 'உடன்பாடு, நிபந்தனை' எனப் பொருள்படும் 'கொந்திகியோ' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆனால், 'பணம் இருந்தால் வாங்குவேன்' போன்ற வாக்கியத்தில், 'இருந்தால்' என்னும் நிபந்தனைப் பகுதியில் இந்த வினை வரக்கூடாது என்பதே இரு மொழிகளின் ஏட்டு இலக்கணமும். அங்கே பிரெஞ்சு தொடர் இறந்தகாலத்தையும், இத்தாலியம் விழைவு வினையையும் வைக்கின்றன. நிபந்தனை வினை வருவது விளைவைச் சொல்லும் பகுதியில்.

இத்தாலிய இலக்கணங்களில் இது வழக்கமாகத் தனி வினைப்பாங்கு. பிரெஞ்சு மொழியியலாளர் பலரோ இதை இயல்பு வினையின் காலங்களில் ஒன்றாகவே வைக்கின்றனர். வடிவத்தைப் பார்த்தால் அவர்கள் பக்கமே நியாயம்.