காணாததில் பிறக்கும் அச்சம்: மர்மப் படங்களின் தொடக்கக் காட்சிகள்

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினாவுக்குத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் விடை கூறியுள்ளார். தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆள்வோர் என்னும் நான்கை அவர் அச்சத்தின் நிலைக்களன்களாகச் சுட்டுகிறார். நான்கும் நமக்குப் புறத்தே இருப்பவை. இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த திரைப்படக் கலையோ ஐந்தாவதாக ஒன்றைக் கண்டது எனலாம். திரையில் காட்டப்படாமல், காண்போன் உள்ளத்தில் மட்டும் உருக்கொள்ளும் பொருளே அது. மர்மப் படங்களின் தொடக்கக் காட்சிகள் வளர்ந்த வரலாற்றை நோக்கின், காமிரா, ஒலி, படத்தொகுப்பு ஆகிய மூன்று கருவிகளும் இந்த ஐந்தாம் அச்சத்தை நாடியே கூர்மை பெற்றன என்பது புலனாகும்.

1931-ஆம் ஆண்டு தமிழர்க்கு மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், மே மாதத்தில், ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'எம்' என்னும் படம் வெளியாயிற்று. லாங்குக்கும் அதுவே முதல் பேசும் படம். நம் நாட்டில் ஒலி வந்தவுடன் பாட்டு வந்தது. லாங்கோ ஒலியைக் கொண்டு அமைதியை அளந்தார்.

'எம்' படம் இருண்ட திரையில் ஒரு சிறுமியின் குரலோடு தொடங்குகிறது. பின்னர், குடியிருப்பின் முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று விளையாடுவதை உயரத்திலிருந்து காமிரா நோக்குகிறது. அவர்கள் பாடுவது கொலைகாரனைப் பற்றிய விளையாட்டுப் பாட்டு. ஒருத்தி அதைக் கேட்டுச் சினந்து கொள்கிறாள். மற்றொருத்தியோ, பிள்ளைகளின் குரல் கேட்கும்வரை அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்றுதானே பொருள் என்கிறாள். படம் முழுவதற்கும் இலக்கணம் வகுக்கும் சொல் இது. குரல் நின்றால் என்னவாகும் என்ற கேள்வி அப்போதே நம் நெஞ்சில் விழுந்துவிடுகிறது.

அத்தாய் உணவு பரிமாறத் தட்டு வைக்கிறாள். மறுபுறம் அவள் மகள் எல்சி பந்தைத் தட்டிக்கொண்டு பள்ளியிலிருந்து வருகிறாள். பந்து ஓர் அறிவிப்புத் தாளின்மேல் பட்டுத் திரும்புகிறது. கொலையாளியைப் பிடிப்போர்க்குப் பரிசு என்பது அவ்வறிவிப்பு. அதன்மேல் ஒரு மனித நிழல் விழுகிறது. முகம் இல்லை, இனிய குரல் மட்டும். அவன் சீட்டியடித்தபடியே அவளுக்குப் பலூன் வாங்கித் தருகிறான்.

அதன்பின் லாங் செய்ததே படத்தொகுப்பின் வரலாற்றில் நிலைத்த சாதனை. தாய் மகளின் பெயரை உரக்க அழைக்கிறாள். அக்குரல் ஒலிக்க ஒலிக்க, வெறுமையான மாடிப்படி, துணி உலர்த்தும் வெறுமையான பரண், தொடப்படாத தட்டு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. பிறகு புல்தரையில் பந்து உருண்டு வந்து நிற்கிறது. தந்திக் கம்பியில் பலூன் சிக்கித் தவிக்கிறது. கொலை காட்டப்படவில்லை. பின்னணி இசையும் இல்லை. ஆயினும் அக்குழந்தைக்கு நேர்ந்ததை அறியாதார் அரங்கில் ஒருவரும் இரார். கொடுமையைக் காட்சிப் பொருளாக்காமல் விட்டதனால், இறந்த குழந்தைக்கு உரிய மதிப்பையும் அந்தப் படம் காத்தது.

இம்மரபு தமிழிலும் ஒருமுறை ஒளிவிட்டது. 1954 ஏப்ரல் 13 அன்று ஏ.வி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்' அது. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய நாளை ஒட்டி அமைந்த கதை. கதாநாயகன் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே துப்பாக்கிக் குண்டுக்கு இரையாகிறார். சுட்டவர் யார் என்பது மட்டும் மறைக்கப்படுகிறது. பெரிய நடிகரைப் பார்க்க வந்த அரங்கம், அவர் இறந்த பின்னர் அவரைப் பற்றிப் பிறர் கூறுவதைக் கேட்க வேண்டியதாயிற்று. படத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லை. இயக்கியவரோ வீணை மேதை எஸ். பாலசந்தர்! இசையின் ஆற்றலை அறிந்தவரே, எங்கு இசை கூடாது என்பதையும் அறிந்திருந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1958-இல் அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருப்புகிறது. குண்டு ஒரு காரின் பின்புறப் பெட்டியில் வைக்கப்படுகிறது. அறியாத இருவர் அக்காரில் ஏறுகின்றனர். கிரேன்மேல் உயர்ந்த காமிரா கட்டடங்களைக் கடந்து, எல்லைப்புற ஊரின் தெருக்களில் சுமார் மூன்று நிமிடம் இருபது வினாடி இடைவெட்டின்றித் தொடர்கிறது. கார் கண்ணில் படுகிறது, மறைகிறது. புதுமணத் தம்பதியர் அதன் அருகே நடக்கின்றனர். வெட்டு இல்லாமையால் நமக்குத் தப்பிக்க வழியில்லை; குண்டின் நேரமே நம் நேரமாகிறது. குண்டு வெடிக்கும்போதுதான் முதல் வெட்டு விழுகிறது.

இக்காட்சிக்கு ஒரு துன்ப வரலாறு உண்டு. தயாரிப்பு நிறுவனமான யுனிவர்சல், படத்தொகுப்பை வெல்ஸின் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. தொடக்கக் காட்சியின்மேல் பெயர்ப் பட்டியலும் ஹென்றி மான்சினியின் இசையும் ஏற்றப்பட்டன. 1957 டிசம்பரில் வெல்ஸ் தம் கருத்துகளை 58 பக்கக் குறிப்பாக எழுதி அளித்தார், முழுமையாக ஏற்கப்படவில்லை. 1985-இல் அவர் மறைந்தார். 1998-இல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அக்குறிப்பின் வழியே படத்தைத் திருத்தியமைத்தார். எழுத்துகள் நீங்கின, மதுக்கூடங்களின் இசையும் காரின் வானொலியும் கலந்து ஒலித்தன. கார் கண்ணில் படாதபோதும், அதன் வானொலி நெருங்குவதைக் கொண்டே ஆபத்து அணுகுவதை நாம் உணர்கிறோம். மான்சினியின் இசை சிறந்ததே. எனினும் அது அஞ்சுமாறு நமக்குச் சொல்கிறது. தெருவின் ஓசையோ, அஞ்சுவதை நம்மிடமே விட்டுவிடுகிறது. படம் அதுவே, ஒலி மாறிற்று, அச்சமும் மாறிற்று. 41 ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைஞர் வாதாடியதன் பொருள் அன்று விளங்கிற்று.

அயல் மாநிலங்களில் வாழும் நாம், ஒரு காலத்தில் தமிழ்ப் படம் ஒன்று காண ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்காகக் காத்திருந்தோம். இன்று வீட்டிலேயே எல்லாம் கிடைக்கின்றன. குருதியும் கூக்குரலும் முதல் நிமிடத்திலேயே கொட்டப்படுகின்றன. பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு மர்மப் படத்தைக் காணும்போது, "இதில் எதைக் காட்டாமல் விட்டார்கள்?" என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியே கலையைக் கூச்சலிலிருந்து பிரித்தறிய அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கும்.