வழிப்பயணமும் துப்பாக்கி உரிமமும்: சட்டம் சொல்வது என்ன?

மதுரை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பேருந்தில் ஊர் திரும்பிய மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு தலித்துகள் 1997 ஜூன் 30 அன்று வழிமறித்துப் படுகொலை செய்யப்பட்டனர். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் நடைமுறைக்கு வந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவற்றின் விதி 3(1)இன்படி, வன்கொடுமை நிகழக்கூடும் எனக் கண்டறியப்பட்ட பகுதிகளில், தேவையெனில் பட்டியலினத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் அரசு துப்பாக்கி உரிமம் வழங்கலாம். பிறரின் உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களைப் பெற்று அரசுக் கிடங்கில் வைக்கலாம்.

நந்தனம் உள்ளிட்ட சென்னை மாநகரில் காவல் ஆணையரிடமும், மாவட்டங்களில் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். உரிமத்தில் குறித்த எல்லைக்கு வெளியே ஆயுதத்தைக் கொண்டுசெல்ல இயலாது.

உயிரைக் காக்கும் முதற்கடமை அரசினுடையதே. துப்பாக்கி உரிமம் அதற்கு மாற்றன்று.