5 ஆண்டில் 4 முறை வாக்களித்த திருப்பரங்குன்றம்... இடைத்தேர்தல் எதைக் காட்டுகிறது?

மதுரை சிம்மக்கல்லில் இருந்து டவுன் பஸ் தூரம்தான் திருப்பரங்குன்றம். இந்தத் தொகுதி மக்கள் 2016 மே முதல் 2021 ஏப்ரல் வரை, எம்எல்ஏவைத் தேர்ந்தெடுக்க மட்டும் 4 முறை வாக்களித்தார்கள்.

என்ன நடந்தது?

2016 மே தேர்தலில் வென்ற அதிமுகவின் சீனிவேல், பதவியேற்கும் முன்பே காலமானார். நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அதிமுகவின் ஏ.கே.போஸ் வென்றார். 2018 ஆகஸ்ட்டில் அவரும் மறைந்தார். 2019 மே 19-ல் மீண்டும் இடைத்தேர்தல். இந்த முறை திமுகவின் சரவணன் வென்றார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவுப்படி, காலியான தொகுதிக்கு 6 மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் அவசியமில்லை. ஆனால் போஸ் வெற்றியை எதிர்த்த வழக்கு நிலுவையில் இருந்ததால், திருப்பரங்குன்றம் சுமார் 9 மாதம் எம்எல்ஏ இல்லாமலே இருந்தது. தொகுதிப் பிரச்சினையைச் சட்டமன்றத்தில் எழுப்ப ஆளில்லை என்பதுதான் இதில் மக்களுக்கு நேரடி இழப்பு.

ஆளுங்கட்சிதான் ஜெயிக்குமா?

பெரும்பாலும் ஆமாம். ஆட்சி மாறப்போவதில்லை என்றால், 'ஆளுங்கட்சி எம்எல்ஏ இருந்தால் வேலை நடக்கும்' என்று வாக்காளர் கணக்குப் போடுவது இயல்பு. ஒரே தொகுதியில் அமைச்சர்கள் குவிவதும் ஒரு காரணம். 2009 ஜனவரியில் திருமங்கலத்தில் கிட்டத்தட்ட 89 சதவீத வாக்குப்பதிவு. ஆளும் திமுக 39 ஆயிரத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றது. பணப் பட்டுவாடா புகார்களால் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல்லே பிறந்தது.

கணக்கு தப்பியதும் உண்டு. 1973-ல் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில், தொடங்கி ஓராண்டுகூட ஆகாத எம்ஜிஆரின் அதிமுக வென்றது. 2017-ல் ஆர்.கே.நகரில் சுயேச்சையாக நின்ற டிடிவி தினகரன் ஜெயித்தார். ஆளும் அதிமுக தோற்றது, திமுக டெபாசிட் இழந்தது.

வெளிநாட்டில் எப்படி?

ஜிம்பாப்வேயில் 2023 பொதுத்தேர்தல் முடிந்த சில வாரங்களிலேயே, எதிர்க்கட்சியின் பொதுச்செயலாளர் எனச் சொல்லிக்கொண்ட ஒருவர் அக்கட்சி எம்பிக்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அதனால் வந்த இடைத்தேர்தல்கள் ஆளுங்கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு பலம் கிடைக்க வழி செய்தன.

தமிழ்நாட்டிலும் 2017-ல் 18 எம்எல்ஏக்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். 2019-ல் 22 தொகுதிகளில் நடந்த இடைத்தேர்தலில் திமுக 13 இடங்களை வென்றது. அதிமுகவுக்குக் கிடைத்தது 9 இடம்தான். ஆனாலும் ஆட்சியைக் காப்பாற்ற அது போதுமானதாக இருந்தது.

ஆக, இடைத்தேர்தல் முடிவு வந்தால் யார் ஜெயித்தார் என்பதோடு, அந்த இடம் ஏன் காலியானது, எத்தனை நாள் காலியாகக் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.