எங்கிருந்து வந்தது இக்கூற்று?

1981ஆம் ஆண்டு ஈழத்தமிழர் கல்வி வரலாற்றில் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. இரு திங்கள் கழிந்து, ஓகஸ்ட் 1ஆம் நாள், நமது செங்கலடிக்கு அயலூராகிய வந்தாறுமூலையின் மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. உழவர், மீனவர் இல்லத்துப் பிள்ளைகட்கும் உயர்கல்வி ஊரருகே வந்தது.

ஆயின் நூலகக் கதவு திறந்திருந்தாற் போதுமா? இவ்வினாவைத் தமிழகத்தில் முன்னரே எழுப்பியவர் எஸ். ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூல்கள் பூட்டிக் காப்பதற்கல்ல, பயன்கொள்வதற்கே என்பது 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது. வாசகர் தமக்குரிய நூலைக் கண்டடையத் துணைநிற்பதை நூலகரின் தலையாய கடமையாக அவர் கொண்டார்.

இத்துணையை நம் மாணவர்க்கு நாம் அளித்தோமா? பதின்மூன்று ஆண்டுகள் நாம் தந்த குறிப்பை மனனஞ்செய்து பரீட்சை எழுதியவர்கள், பல்கலைக்கழகம் புகுந்ததும் ஆய்வுக் கட்டுரை எழுதுமாறு பணிக்கப்படுகின்றனர். கைத்தொலைபேசியில் முதலிற் கிடைத்ததைப் பெயர்த்தெழுதுகின்றனர். குற்றம் அவர்களுடையதன்று, வினவப் பழக்காத நம்முடையதே.

சான்று தேடும் பயிற்சி பரீட்சைப் புள்ளிக்கு மட்டும் உரியதன்று. 1990இல் அப்பல்கலைக்கழக வளாகம் அகதிமுகாமாக இருந்தது. செப்டெம்பர் 5ஆம் நாள் அங்கிருந்து இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 பேர் திரும்பவில்லை. இதனை நாம் எவ்வாறு அறிவோம்? உறவினரும் முகாம் பொறுப்பாளரும் சாட்சியமளித்தனர். பின்னர் அமைந்த சனாதிபதி விசாரணை ஆணைக்குழு அதனைப் பதிவுசெய்தது. இச்செய்தியைப் படிக்கும் மாணவர் கேட்கவேண்டியவை சில உள. சொன்னவர் யார்? நேரிற் கண்டவரா, பிறர் சொல்லக் கேட்டவரா? எப்போது பதிவாயிற்று? வேறொரு சான்று இதனோடு பொருந்துகின்றதா? இவ்வாறு வினவுதல் துயருற்ற மக்களை ஐயுறுவதாகாது. நடந்ததை அதிகாரம் மறுக்கும் நாளில் அம்மக்களுக்குத் துணையாவது இத்தகைய சான்றே.

2005இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்திற் சேர்த்து வருகின்றது. நம்மூர் மாணவரும் காசின்றி அவற்றைப் படிக்கலாம். ஆயினும் கேள்வியோடு வருபவர்க்கே அக்களஞ்சியம் பயன்தரும்.

ஆசிரியத் தோழர்களே! பல்கலைக்கழகம் கற்பிக்கட்டுமென்று நாம் காத்திருத்தல் தகாது. பாடநூலிலுள்ள ஒரு கூற்றையேனும் எடுத்து, "இது எங்கிருந்து வந்தது?" என்று நம் வகுப்பு மாணவர் கேட்க இடங்கொடுப்போம். விடை நமக்கே தெரியாதபோது, "சேர்ந்து தேடுவோம், வாருங்கள்" என்று சொல்ல நாணாதிருப்போம்.