ஒரு வண்டிக்குப் பல சட்டம்

நம்மவருள் லாரி வைத்துத் தொழில் நடத்துவோர் பலர். எல்லை கடந்து பாரம் கொண்டுசெல்வதில் உள்ள இடுக்கண் அவர்களுக்கு நன்கு தெரியும். குறித்த நாளில் திரும்பாத வண்டியை எதிர்நோக்கியிருக்கும் கவலை அவர்தம் இல்லத்தாருக்கும் தெரியும். இவ்விடுக்கண் நமக்கு மாத்திரம் உரியதன்று. ஆஸ்திரேலியா தேசத்தார் இதனை நெடுங்காலம் அனுபவித்தனர், நீக்க முயன்றனர், ஒருமுறை இடறினர், பின்னர்த் தேறினர். அவ்வரலாறு நாம் அறியத் தக்கது.

ஆறு குடியேற்ற நாடுகள் ஒன்றுகூடி 1901-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் ஒரே தேசமாயின. கூடுவதற்கு முன்னரே அவை தத்தம் விருப்பப்படி இருப்புப்பாதை அமைத்துவிட்டன. விக்டோரியாவின் பாதை 5 அடி 3 அங்குல அகலம். நியூ சவுத் வேல்ஸின் பாதை 4 அடி 8½ அங்குலம். குவீன்ஸ்லாந்தின் பாதை 3 அடி 6 அங்குலம். 1883-இல் முதலிரண்டு பாதைகளும் ஆல்பரி என்னும் எல்லையூரில் சந்தித்தன. ஆயினும் ஒன்றன் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆதலால் அவ்வூரில் சரக்கெல்லாம் இறக்கி ஏற்ற வேண்டியதாயிற்று. சிட்னி நகரினின்று மெல்போர்ன் வரை ஒரே அளவுப் பாதை அமைந்தது 1962-ஆம் ஆண்டில்தான்.

இருப்புப்பாதையில் நேர்ந்த பிழை சாலையிலும் தொடர்ந்தது. மாநிலங்களுக்கிடையே வாணிகம் தடையின்றி நடைபெற வேண்டும் என்று அவர்களது அரசியற் சட்டத்தின் 92-ஆம் பிரிவு கூறும். எனினும் மாநிலங்கள் தம் ரயில் வருமானத்தைக் காக்கும் பொருட்டு லாரிகளுக்கு லைசென்சுக் கட்டுப்பாடு விதித்தன. 1954-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் நியூ சவுத் வேல்ஸின் அத்தகைய கட்டுப்பாடு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஏற்றிய எடையையும் ஓடிய தூரத்தையும் கணக்கிட்டுச் சாலைப் பராமரிப்பு வரி வாங்கலாயினர். 1979 ஏப்ரலில், சிட்னிக்குத் தென்மேற்கேயுள்ள ரேசர்பேக் மலைச் சாலையில் லாரிக்காரர் தம் வண்டிகளைக் குறுக்கே நிறுத்திப் போராடினர். அவ்வரி ஒழிந்தது.

வரி ஒழிந்தும் பெர்மிட்டுத் தொல்லை ஒழியவில்லை. அத்தேசத்தில் பொதுவாக 2.5 மீட்டர் அகலமும் 4.3 மீட்டர் உயரமும் மிகுந்த வண்டிக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது. ஆறு அச்சுள்ள டிரெயிலர் லாரிக்கு 42.5 டன் பொது வரம்பாக இருந்தது. சுரங்க இயந்திரங்களும், மின்நிலையத்து டிரான்ஸ்பார்மர்களும், காற்றாலைத் தண்டுகளும் இவ்வரம்புகளில் அடங்கவில்லை. அவற்றைக் கொண்டுசெல்பவர் ஒவ்வொரு மாநிலத்திலும் வெவ்வேறு மனுச் செய்து, வெவ்வேறு நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. முன்னும் பின்னும் காவல் வண்டி எத்தனை, இரவில் ஓடலாமா என்பனவெல்லாம் எல்லைக்கு எல்லை மாறின.

இஃது அதிகாரிகளின் பிடிவாதம் மாத்திரமே என்று கருதுதல் நேர்மையாகாது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெருஞ் சோதனையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஓர் அச்சின் மேல் விழும் பாரம் இரட்டித்தால் சாலைக்கு நேரும் தேய்வு இருமடங்கன்று, ஏறக்குறைய பதினாறு மடங்காகும். பாலமோ தேய்வதோடு நில்லாது, முறிந்தே போகலாம். எந்தப் பாலம் எவ்வளவு தாங்கும் என்பது அதனைக் கட்டிக் காப்பவர்க்கே தெரியும்.

2009-இல் மாநில அரசுகளும் மத்திய அரசும் கூடி, கனரக வண்டிகளுக்கு ஒரே சட்டமும் ஒரே நிர்வாகமும் வேண்டுமெனத் தீர்மானித்தன. குவீன்ஸ்லாந்து சட்டசபை 2012-இல் அச்சட்டத்தை இயற்றியது. பிரிஸ்பேன் நகரில் தேசியக் கனரக வாகன ஒழுங்குமுறை நிறுவனம் அமைந்தது. 2014 பிப்ரவரி 10-ஆம் நாள் 4.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அச்சட்டம் ஐந்து மாநிலங்களிலும் தலைநகர்ப் பிரதேசத்திலும் அமலுக்கு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவும் வட பிரதேசமும் சேரவில்லை.

அன்றுமுதல் பெர்மிட்டுகள் யாவும் ஒரே வாயிலில் கிடைக்கும் என்றனர். நடந்தது யாதெனில், மனுக்கள் மலைபோற் குவிந்தன. வண்டிகள் பாரத்தோடு காத்துநின்றன. சில வாரங்களுக்குள் பெர்மிட்டு வேலையின் பெரும்பகுதியை மீண்டும் மாநிலங்களிடமே ஒப்படைக்க நேர்ந்தது.

காரணம் வெளிப்படை. புதிய சட்டப்படி, செல்லும் வழியிலுள்ள சாலைகளுக்குரியவர் ஒவ்வொருவரும் இசைய வேண்டும். அவர்களுள் நூற்றுக்கணக்கான நகரசபைகளும் கிராமப்புறச் சபைகளும் உண்டு. விடையளிக்கப் பொதுவாக 28 நாள் தவணை. பல சபைகளில் பாலத்தின் வலிமையைக் கணிக்கும் இன்ஜினீயரே இல்லை. சட்டம் ஒன்றாயிற்று, பாலங்களைப் பற்றிய அறிவு ஒன்றாகத் திரளவில்லை.

பின்னர் அந்நிறுவனம் பொறுமையோடு வேலையை மறுபடி தொடங்கியது. அடிக்கடி செல்லும் வழிகளுக்கு முன்கூட்டியே இசைவு பெற்று வைத்தது. பாலங்களின் அளவை ஓரிடத்தில் தொகுக்க முனைந்தது. மாநிலங்களிடம் விட்ட பெர்மிட்டு வேலையைப் படிப்படியாகத் திரும்ப ஏற்றது. மாநிலங்களுள் மிகச் சிறிய டாஸ்மேனியா, வழியிலுள்ள பாலங்களைக் கணினியால் கணித்து உடனுக்குடன் விடையளிக்கும் முறையை முன்னரே அமைத்திருந்தது. பெரிய மாநிலங்கள் அதனிடம் பாடம் கேட்கும் நிலை வந்தது.

அன்பர்களே! எல்லையில் நிற்கும் வண்டிக்காரர்க்கு நாள்தோறும் நட்டம்; அவர் கேட்கும் ஒரே சட்டம் நியாயமானதே. ஆயினும் பாலத்தின்கீழ்க் குடியிருப்போரின் உயிர் அதனினும் பெரிது. இவ்விரண்டையும் காக்க வல்லது சட்டப் புத்தகம் மட்டுமன்று. ஒவ்வொரு பாலத்தையும் அளந்து எழுதிவைத்த கணக்கும் வேண்டும். நம் சங்கத்து லாரித் தொழிலாளரும் முதலாளிகளும் அரசாங்கத்தாரிடம் முறையிடும்போது, ஒரே பெர்மிட்டு வேண்டுமென்று கேட்பதோடு, பாலக் கணக்கும் வேண்டுமென்று சேர்த்துக் கேட்பார்களாக.