அருகிலுள்ள பள்ளிவாசலும் ஆற்காட்டுக் கைவினைஞரும்

ஆழ்வார்பேட்டையில் நின்று கைப்பேசியில் அருகிலுள்ள பள்ளிவாசலைத் தேடினால், நொடியில் பட்டியல் வந்துவிடுகிறது. தரவுத்தளத்தில் ஒவ்வொரு பள்ளிவாசலின் இருப்பிடமும் அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்களே. நாம் நிற்குமிடம் ஏறத்தாழ வடக்கு 13.03 பாகை, கிழக்கு 80.25 பாகை. கணினி முதலில் நம்மைச் சுற்றி ஒரு கட்டம் வகுத்து, அதற்கு வெளியே உள்ளவற்றைத் தள்ளிவிடுகிறது. எஞ்சியவற்றுக்கு மட்டும் கோளத்தின் மீதான தூரத்தைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறது. அட்சரேகையில் ஒரு பாகை சுமார் 111 கி.மீ.; தீர்க்கரேகையில் ஒரு பாகையோ சென்னையில் சுமார் 108 கி.மீ. துருவத்தை நெருங்க நெருங்க அது இன்னும் குறையும். கோளக் கணிதம் தேவைப்படுவது இதனால்தான்.

இக்கணிதம் நமக்கு அந்நியமானதன்று. கிப்லாவின் திசையைக் கணிக்க, மக்காவின் இருப்பிடமும் நம் ஊரின் இருப்பிடமும் தெரிந்திருக்க வேண்டும். அல்பீரூனி 1025இல் நிறைவுசெய்த ‘தஹ்தீத்’ என்னும் நூலில், பக்தாதிலிருந்து ஊர் ஊராகக் கணக்கிட்டு கஜ்னாவின் தீர்க்கரேகையைக் கண்டார். அங்கிருந்து கிப்லாவையும் கணித்தார்.

நம் நகருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணங்களாக விரிந்த நில அளவை இமயம் வரை சென்றது. கோணத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் தொலைவில் உள்ள ஊரின் இடம் விலகிவிடும். ஆகவே அளவுக் கருவியின் வட்டத்தில் பொறிக்கப்பட்ட பாகைக் கோடுகளின் துல்லியமே அனைத்துக்கும் ஆதாரம்.

அக்கருவிகளைப் பேணியவர்களுள் ஒருவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையித் மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் நகை, கடிகார வேலை செய்துவந்த அவர், பின்னர் நில அளவைத் துறையில் சேர்ந்தார். தலைமை அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் அவருடைய கைத்திறனைப் பெரிதும் பாராட்டினார். ஆங்கிலேயரான ஹென்றி பாரோ விலகிய பின், அவர் வகித்த கணிதக் கருவி வினைஞர் பொறுப்பு மொஹ்சின் ஹுசைனிடம் வந்தது.

கணிதம் உலகக் கல்வி, மார்க்கக் கல்வியோடு அதற்குத் தொடர்பில்லை என்ற பேச்சு இன்றும் சில வீடுகளில் உண்டு. கைத்தொழிலைக் குறைவாகக் கருதுவோரும் உண்டு. தொழுகைக்கு முன் கிப்லா பார்க்கக் கைப்பேசியைத் திறக்கும் பிள்ளைகளுக்கு, கஜ்னாவின் அறிஞரையும் ஆற்காட்டின் கைவினைஞரையும் சேர்த்தே அறிமுகப்படுத்துவோம். எண்ணைக் கணித்தவரும் கருவியைச் செப்பனிட்டவரும் அறிவுக்கே பணி செய்தனர்.